யூரியா போன வழி எது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எங்கப்பா வயலுக்குப் போடற யூரியாவுல எத்தனை பங்கு நெல்லுக்குள்ள போய்ச் சேருதுங்க?" இயற்பியல் ஆசிரியரிடம் கேட்கிற கேள்வியா இது என்று அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால், இதற்கு விடை காண உதவுவது இயற்பியல்தான்.

கேள்வி எளிதன்று. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. உழவர்கள் இதனைத் தழைச்சத்து என்பார்கள். எரு, சருகு, பழைய வேர்கள் ஆகியவற்றால் மண்ணிலும் ஏற்கெனவே நைட்ரஜன் உண்டு. பயிரின் வேருக்கு இரண்டும் ஒன்றே. அறுவடையான பயிரைச் சோதித்தால் அதிலுள்ள மொத்த நைட்ரஜன் தெரியும். மூட்டையிலிருந்து வந்தது எவ்வளவு என்பது தெரியாது.

பழைய வழி கழித்தல் கணக்கு. கோயம்புத்தூரில், இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக விளங்கும் இடத்தில், 1909ஆம் ஆண்டில் நிரந்தர உரச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு எந்த உரமும் இல்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும். இன்னொன்றுக்குத் தொழு உரம். இப்படி ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதே உரம். மண் வளம் நாளடைவில் எப்படி மாறுகிறது என்பதை அறிய இதைப் போன்ற சோதனைக்கு ஈடில்லை. ஆனால், நம் மாணவரின் கேள்விக்குக் கழித்தல் மட்டும் போதாது.

ஏன் என்று பாருங்கள். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். எக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் இடுகிறோம். உரமிட்ட பயிரில் 100 கிலோவும், இடாத பயிரில் 60 கிலோவும் நைட்ரஜன் சேர்ந்திருக்கின்றன. வேறுபாடு 40. ஆகவே உரத்தில் நூற்றுக்கு 40 பங்கு பயிருக்குச் சேர்ந்தது என்போம். இங்கேதான் ஓட்டை. உரம் பெற்ற பயிரின் வேர் செழித்துப் பரவுகிறது. மண்ணின் நைட்ரஜனையும் கூடுதலாக உறிஞ்சுகிறது. அந்தக் கூடுதலையும் நாம் உரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்!

மேய்ச்சலில் இரண்டு செம்மறிக் கூட்டங்கள் கலந்துவிட்டால் எந்த ஆடு யாருடையது என்று அறிய, முதுகில் சாயம் பூசி வைப்பதுண்டு. அணுவுக்குச் சாயம் பூச முடியுமா? இயற்கையே பூசி வைத்திருக்கிறது.

நைட்ரஜன் அணுக்கருவில் 7 புரோட்டான்களும், பெரும்பாலும் 7 நியூட்ரான்களும் உள்ளன. இது நைட்ரஜன்-14. ஒரு நியூட்ரான் அதிகமாக உள்ளது நைட்ரஜன்-15. காற்றிலுள்ள ஏறத்தாழ 273 நைட்ரஜன் அணுக்களில் ஒன்று இவ்வகையானது, அதாவது 0.366 விழுக்காடு. வேதி இயல்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, எடையில்தான் வேறுபாடு. கதிரியக்கமுள்ள நைட்ரஜன்-13ஐப் பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 10 நிமிடம். நெற்பயிருக்கோ நான்கு மாதம் வேண்டும். நைட்ரஜன்-15 சிதைவதேயில்லை, கதிர் வீசுவதுமில்லை. அமெரிக்க அறிவியலர் டேவிட் ஷெமின், இது செறிவூட்டப்பட்ட கிளைசின் 66 கிராமைத் தாமே உண்டு, மனிதச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 127 நாள் என்று 1946இல் ரிட்டன்பர்க்குடன் சேர்ந்து வெளியிட்டார்.

வயலுக்கு வருவோம். நைட்ரஜன்-15 மிகுதியாகச் சேர்த்த யூரியா விலை அதிகம். எனவே வயல் நடுவே சிறு சட்டம் இறக்கி, அதற்குள் மட்டும் இடுவார்கள். அறுவடைக்குப் பின் பயிரை உலர்த்திப் பொடியாக்கி, அதில் சிறிதளவை எரித்து, நைட்ரஜன் வாயுவாக்கி, நிறைமாலைமானிக்குள் செலுத்துவார்கள். அங்கே மூலக்கூறுகள் அயனிகளாகிக் காந்தப்புலத்தில் வளைகின்றன. ஆற்றல் சமமானால், வளைவின் ஆரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். நிறை 28 உள்ள மூலக்கூறு 10 செ.மீ. ஆரத்தில் வளைந்தால், 29 உள்ளது ஏறத்தாழ 10.18 செ.மீ. ஆரத்தில் வளையும். வர்க்கமூலம் போட்டு நீங்களே சரிபாருங்கள். இந்த 1.8 மில்லிமீட்டர்தான் நாம் தேடிய சாயம்.

இட்ட யூரியாவில் நைட்ரஜன்-15, இயற்கை அளவைவிட 5 விழுக்காடு கூடுதல் என்க. பயிரில் அது 1.5 விழுக்காடு கூடுதலாக இருந்தால், 1.5ஐ 5ஆல் வகுக்க 0.3. பயிரிலுள்ள 100 கிலோவில் உரத்திலிருந்து வந்தது 30 கிலோ. கழித்தல் சொன்ன 40 அன்று. இந்த முறையிலும் சிறு குறை உண்டு. மண் நுண்ணுயிர்கள் சாயமிட்ட அணுவைத் தம்முள் வைத்துக்கொண்டு, பழைய அணுவை வெளியே விடும். அதனால் விடை சற்றுக் குறைவாகவே வரக்கூடும்.

நீர் நிற்கும் நெல் வயலில் மேலாக வீசிய யூரியாவில் பயிர் எடுப்பது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடுதான். மீதியில் ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. மற்றது அம்மோனியாவாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் காற்றில் கலக்கிறது, அல்லது நைட்ரேட்டாகக் கீழே இறங்குகிறது. 1960களில் பன்னாட்டு அணுசக்தி முகமையும் உணவு வேளாண்மை நிறுவனமும் பல நாட்டு நெல் வயல்களில் நைட்ரஜன்-15 கொண்டு ஆராய்ந்தன. அம்மோனிய உரத்தை மேலே தூவுவதைவிட 5 செ.மீ. ஆழத்தில் வைத்தால் பயிருக்கு அதிகம் சேர்கிறது என்று கண்டன. நம் ஊரில் யூரியாவுடன் ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து வைத்திருந்து இடுகிறார்களே, அதுவும் இழப்பைக் குறைக்கத்தான்.

கீழே இறங்கிய நைட்ரேட் கிணற்றை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மீறினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. குற்றவாளி யூரியாவா, மாட்டுத் தொழுவமா, கழிவுநீர்க் குழியா? இங்கே எதையும் சேர்க்கத் தேவையில்லை. நீரிலுள்ள இயற்கையான நைட்ரஜன்-15 அளவே துப்புத் தரும். சாணத்திலிருந்தும் கழிவிலிருந்தும் இலேசான நைட்ரஜன் அம்மோனியாவாக முந்திப் பறந்துவிடுகிறது. எனவே எஞ்சிய நைட்ரேட்டில் நைட்ரஜன்-15 சற்று மிகுந்திருக்கும். காற்றிலிருந்து செய்த யூரியாவில் காற்றின் விகிதமே ஏறத்தாழ இருக்கும். ஆனால், நிலத்தடியில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்தாலும் இந்த அளவு கூடும். ஆகவே ஆக்சிஜன்-18ஐயும் சேர்த்து அளந்த பிறகே தீர்ப்புச் சொல்வார்கள்.