பட்டமும் பணியும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரம் 11 நிலைகளை உடையது. 217 அடி உயரம் வாய்ந்தது. தொலைவிலிருந்து வருவோர் கண்ணுக்கு முதலில் தோன்றுவன அதன் கலசங்களே. ஆயினும் அவ்வுயரத்தையெல்லாம் தாங்கி நிற்பது கீழே அமைந்துள்ள கல்லடித்தளமாகும். அடித்தளமின்றிக் கோபுரம் இல்லை. அடித்தளம் மட்டுமே கோபுரமாகிவிடுவதும் இல்லை. பல்கலைக்கழகப் பட்டமும் அத்தகையதே. அஃது ஓர் அடித்தளம். அதன்மேல் வாழ்வைக் கட்டி எழுப்புதல் பட்டம் பெற்றவரின் கடமை.

முற்காலத்தில் தந்தையின் தொழிலை மைந்தன் இல்லத்திலேயே கற்றான். உழவன் மகன் ஏர் பிடித்தான். தச்சன் மகன் உளி பிடித்தான். தொழிலைத் தேடும் துன்பம் அவர்களுக்கு இல்லை. விரும்பிய தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை. கல்லூரிக் கல்வி அவ்வுரிமையை அனைவர்க்கும் வழங்கியது. உரிமை வந்தபோது தேடும் பொறுப்பும் உடன் வந்தது.

தமிழகத்தில் பட்டப்படிப்பு தோன்றிய நாளிலேயே இப்பொறுப்பை உணர்ந்து வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றவர்களுள் ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை ஆவார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த அவர், வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று, ஆசிரியராகப் பணி தொடங்கினார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, தினவர்த்தமானி என்னும் இதழின் ஆசிரியரானார்.

புதிதாகத் தோன்றிய பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி என்னும் பெருமை ஒன்றே போதும் என்று அவர் அமர்ந்துவிடவில்லை. அரசாங்கக் கணக்குத் துறையில் அலுவல் ஏற்றார். அலுவலுக்கிடையே சட்டம் பயின்று, 1871இல் பி.எல். பட்டமும் பெற்றார். கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கினார். 1887இல் புதுக்கோட்டையில் நீதிபதியானார். இத்தனை பணிகளுக்கும் நடுவே, செல்லரித்து அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, வீரசோழியம், கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றினார். 1901இல் அவர் மறைந்தபோது, தமிழுலகம் அவரைப் பதிப்பாசிரியராகவே போற்றியது. ஒரு பணியில் இருந்துகொண்டே அடுத்த பணிக்குரிய கல்வியைத் தேடியமையே அவர் வாழ்வு காட்டும் நெறி.

திருவண்ணாமலையில் 1966இல் அரசு கலைக் கல்லூரி தோன்றியது. 1989இல் இந்நகர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதுமுதல் ஊர்ப்புறத்து உழவர் மக்கள் பலர் பட்டம் பெற்று வந்துள்ளனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்களும் அவர்களுள் உளர். அத்தகையோர்க்கு வழிகூற இல்லத்தில் எவரும் இலர். ஆதலின், எங்கே செல்வது, எவரை வினவுவது என்பதை அறிதலே அவர்தம் முதற்கடமை.

அவ்வாறு வினவத்தக்க இடங்களுள் ஒன்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்குப் பணி தேடித்தருவதற்காக 1945இல் இந்தியாவில் இவ்வலுவலகங்கள் தோன்றின. 1948இல் அவை அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டன. இங்குத் தம் கல்வித் தகுதியைப் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். ஆயினும், பதிந்துவிட்டு அழைப்பை எதிர்நோக்கியே காலங்கழிப்பவர், விதைத்தபின் வயற்பக்கம் செல்லாத உழவரை ஒப்பர். போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கும் பயிலும் வட்டங்களையும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்துகின்றன. அவற்றைப் பயன்கொள்ளுதல் அறிவுடைமை.

அரசுப் பணியை விரும்புவோர் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளை எழுதுதல் வேண்டும். இதன் முன்னோடியாகிய ஆணையம் 1929இல் சென்னை மாகாணத்தில் அமைந்தது; இந்திய மாகாணங்களில் அமைந்த இத்தகைய ஆணையங்களுள் அதுவே முதலாவது. செல்வாக்கு உடையவர்க்கே அலுவல் என்னும் நிலையை மாற்றி, தகுதி உடையவர்க்கே அலுவல் என்னும் நெறியை நிலைநாட்டுதல் இத்தகைய அமைப்புகளின் நோக்கம். இத்தேர்வுகளில் தமிழ்த் தாளில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடேனும் பெறாதவர் பணிக்குத் தகுதி பெறார் என்று 2021இல் அரசு ஆணையிட்டது. தாய்மொழியைப் பிழையின்றி எழுதுதல் பிழைப்புக்கும் துணையாதல் இதனால் விளங்கும்.

எனினும், அரசுப் பணியிடங்கள் சில. அவற்றை நாடுவோர் பலர். ஆதலின் ஏனைய வழிகளையும் இளைஞர் நோக்குதல் வேண்டும். இம்மாவட்டத்துச் செய்யாற்றுப் பகுதியில் காலணி முதலிய பொருள்களைச் செய்யும் தொழிற்சாலைகள் உள்ளன. சொந்தத் தொழில் தொடங்குவோர்க்கு மாவட்டத் தொழில் மையம் வழிகாட்டுகின்றது. எப்பணியை நாடினும், அறிவிப்பை முற்றும் படித்தல், தன் தகுதியை உள்ளவாறு எழுதுதல், குறித்த நாளுக்குள் விண்ணப்பித்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. இல்லாத தகுதியை உண்டென எழுதுபவர், நேர்காணலில் கேட்கப்படும் ஒரு வினாவிலேயே தலைகுனிய நேரும். அறியாததை அறியேன் என்று பணிவுடன் கூறுபவரோ தம் நேர்மையைப் புலப்படுத்துகின்றார்.

பட்டதாரிகள் சிலர், தாம் கருதிய பதவி கிட்டும்வரை வேறெதுவும் செய்யோம் என்று ஆண்டுகள் பலவற்றை வீணே கழிக்கின்றனர். மகனைப் படிக்க வைக்க நிலத்தை அடகு வைத்த தந்தைக்கு அவ்வாண்டுகள் ஒவ்வொன்றும் வட்டியோடு கூடிய சுமையாகும். சிறிய பணியேனும் ஏற்று, உழைத்து, பொருளீட்டி, எஞ்சிய பொழுதில் மேலும் பயில்பவர் இரு நன்மை பெறுவர்: குடும்பத்தின் சுமை குறையும், தொழில் அனுபவமும் வளரும். நேர்மையான உழைப்பு எதுவாயினும் அது பட்டத்திற்கு இழுக்காகாது. உழைக்காத காலமே இழுக்காகும்.

ஆதலின் மாணவர்கள் பள்ளியில் பயிலும் இந்நாளிலேயே தமக்கு எத்தொழிலில் நாட்டம் உண்டு, அதற்கு எவ்வெத் திறன்கள் வேண்டும் என்பவற்றைச் சிந்தித்தல் நலம். பட்டத்தைக் கல்லூரி தரும். பணியைத் தேடும் முயற்சியை ஒவ்வொருவரும் தாமே மேற்கொள்ளல் வேண்டும்.