பெட்டி கட்டுமுன் கவனியுங்கள்



நம் புதுக்கோட்டையை அடுத்த வாகைக்குளத்தில் விமானம் ஏறி, சென்னையில் மாறி வளைகுடா செல்வோர் முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். முழுப் பயணமும் ஒரே டிக்கெட் என்றால், பொதுவாக வெளிநாட்டுப் பயணத்துக்குரிய எடையே சென்னை வரைக்கும் பொருந்தும். தனித்தனி டிக்கெட் என்றால் உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான். மிஞ்சினால் கிலோ கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும்.

வெறும் பெட்டியே 4 கிலோ இருக்கலாம். அதையும் சேர்த்து வீட்டிலேயே எடை போடுங்கள். கருப்பட்டி, மக்ரூன், ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

பாஸ்போர்ட், பணம், அன்றாட மருந்து, மருத்துவர் சீட்டு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். எண்ணெய், ஊறுகாய் பெரிய பெட்டிக்குள் போகட்டும்.

எடையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, சவூதியிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் வழக்காகிச் சிறை செல்ல நேரலாம். சில வலி மாத்திரைகளுக்கும் முன் அனுமதி தேவை.

பக்கத்து வீட்டு மாமி மகனுக்குத் தரும் பொட்டலம் அமானிதம்தான். ஆனாலும் அவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள். சங்கடப்பட வேண்டாம். பெட்டி யார் பெயரில் போகிறதோ, அவரிடம்தான் அதிகாரிகள் கேட்பார்கள்.