தாட்சாயணி வேலாயுதன் அம்மையார்

எமது புத்தளக் களப்பிலே வள்ளம் விடுவோரை, இந்நீர் யாருக்குரியது என்று எவரும் மறிப்பதில்லை. மாணவர்கள் இதனை மனத்திலிருத்தி மேலே படித்தல் நன்று.

கொச்சி இராச்சியத்திலே புலையர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் நிலத்தில் ஒன்றுகூடத் தடையிருந்தது. 1913 ஆம் ஆண்டில் அவர்கள் எறணாகுளத்துக் காயலிலே வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின் மீதிருந்தே தம் கூட்டத்தை நடத்தினர். நாம் களப்பு என்பதையே அந்நாட்டார் காயல் என்பர். கூட்டத்தை முன்னின்று நடத்தியோரின் குடும்பத்திலே, முளவுகாடு என்னுந் தீவில், 1912 சூலை 4 ஆம் நாள் பிறந்தவர் தாட்சாயணி. தக்கன் மகளாகிய உமையம்மையின் பெயர் இது. தந்தை அழையாத வேள்விக்குத் தானே சென்றவள் அவள். அழைப்பில்லாத இடங்களுக்கெல்லாம் செல்ல நேர்ந்த இவ்வம்மையாருக்கு இப்பெயர் வாய்த்தது பொருத்தமே.

அரசாங்கம் அளித்த உதவிப்பணத்தால் எறணாகுளம் மகாராசாக் கல்லூரியில் இரசாயனம் பயின்றார். அங்கே உயர்சாதி ஆசிரியரொருவர் அவருக்குப் பரிசோதனைகளைக் காட்ட மறுத்தார். மாணவியோ எட்டநின்று, பிறர் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். 1935 இல் பட்டமும் பெற்றார். இந்தியாவிலே தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1945 வரை அரசினர் பாடசாலைகளிற் கற்பித்தார். கரும்பலகையின் முன் நிற்கும் எம்போன்றோர் அவ்வாய்வுகூடத்தை மறத்தல் ஆகாது. கற்பிக்க மறுத்தவரும் ஆசிரியரே.

1940 இல் சேவாக்கிராமத்தில் காந்தியடிகளும் கத்தூரிபாய் அம்மையாரும் சாட்சியாயிருக்க, தொழுநோயாளர் ஒருவர் சடங்கை நடத்த, வேலாயுதன் என்பாரை மணந்தார். 1945 இல் கொச்சிச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். மறு ஆண்டு இந்திய அரசியல் நிருணய சபைக்குச் சென்றார். அச்சபையிலிருந்த பெண்கள் பதினைவர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் இவரொருவரே. அப்போது வயது 34.

எம் நாட்டில் 1931 இலேயே சர்வசன வாக்குரிமை வந்தது. மறு ஆண்டில் நேசம் சரவணமுத்து அம்மையார் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அமெரிக்க நாட்டிலோ கறுப்பினப் பெண்ணொருவர், சேர்லி சிசோம் என்பார், காங்கிரசுச் சபைக்கு முதன்முதலில் தெரிவானது 1968 இலேதான். அவரும் முன்னர் பாலர்க்குக் கற்பித்தவர்.

சபையில் தாட்சாயணி பேசியவற்றுட் பலர்க்கு வியப்பளித்தது ஒன்றுண்டு. தம் மக்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றார். பிரிந்து நிற்பதாற் பிரிவு தீராது, சமூகத் தடைகளை உடனே நீக்குக என்பது அவர் வாதம். அம்பேத்கர் தரப்பினர் இதற்கு உடன்படவில்லை. பெரும்பான்மையோர் வாக்கில் வெல்பவன் எளியோர்க்காகப் பேசுவானா என்ற அவர்கள் அச்சமும் காரணமற்றதன்று என்றே நாம் கருதுகிறோம். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பர் 29 ஆம் நாள் சபைக்கு வந்தபோது அம்மையார் அதனை வரவேற்றார். ஆயினும் அரசியலமைப்பு நன்கு நடைபெறுவது சட்டத்தைச் செயற்படுத்துவதில் அன்று, மக்கள் ஒழுகும் முறையிலேயே தங்கியுள்ளது என்னுங் கருத்தை அன்றே வெளியிட்டார்.

இச்சொல்லின் உண்மையை நாம் அனுபவத்திற் கண்டுள்ளோம். எம் நாட்டிலும் சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் 1957 இல் இயற்றப்பட்டது. அதற்கு நெடுங்காலத்தின் பின், நாம் ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஓரிடத்திலே புதிதாய்ச் சேர்ந்த சிறுவன் ஒருவனுடைய தந்தையின் தொழிலைக் கேட்டறிந்த பின்னரே அவனுக்கு வாங்கு காட்டப்பட்டது. கடைசி வாங்கு அது. எச்சட்டமும் அங்கே வந்து நிற்கவில்லை. நாமும் வாளாவிருந்தோம். அவன் அவ்வாண்டு முழுவதும் அவ்விடத்திலேயே இருந்தான்.

அம்மையாரின் பிற்காலம் எளிதாயிருக்கவில்லை. 1971 இல் அடூர்த் தொகுதியிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1977 இல் தில்லியிலே பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சூலை 20 ஆம் நாள் காலமானார். அவர் பெயரால் விருதொன்று வழங்கப்படுமெனக் கேரள அரசு அறிவித்தது 2019 இல்.