படம் போடச் சொன்னது யார்?

வில்லியனூர் தேரடிப் பக்கத்திலோ பாகூர் கடைத்தெருவிலோ ஒரு பெட்டிக்கடை முன் நீங்கள் நின்றிருப்பீர்கள். வாழைத்தாருக்குப் பின்னால் சிகரெட் பெட்டிகளும் பீடிக்கட்டுகளும் அடுக்கியிருக்கும். பெட்டியை உற்றுப் பாருங்கள். அதன் இரு பக்கங்களிலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கை வாசகமும் பார்க்கவே சகிக்காத ஒரு நோயாளியின் படமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தன் சரக்கின்மேல் இப்படி ஒரு படத்தை எந்த முதலாளியும் விரும்பிப் போடமாட்டார். பிறகு யார் போடச் சொன்னது?

அரசாங்கம் என்பீர்கள். சரிதான். அரசாங்கத்துக்கு யார் சொன்னது?

இதற்கு விடை காண 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குப் போகவேண்டும். புகைப்பதால் புற்றுநோய் வருகிறதா என்று ஆராய்ந்து சொல்ல அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி பத்து நிபுணர்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். குழுவைத் தேர்ந்தெடுத்த விதம் வேடிக்கையானது. பெயர்ப்பட்டியலைச் சிகரெட் கம்பெனிகளிடமும் காட்டினார்கள். வேண்டாத பெயரை அவர்கள் காரணம் சொல்லாமலே அடிக்கலாம். இந்தப் பிரச்சினையில் முன்பே பகிரங்கமாகக் கருத்துச் சொன்னவர்களுக்கும் இடமில்லை. உறுப்பினர்களில் சிலர் தாங்களே புகைப்பவர்கள்! இத்தகைய குழு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அலசி, ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரச் சிகரெட் ஒரு காரணமே என்று ஒருமனதாகச் சொன்னது. கம்பெனிகளால் மறுக்க முடியாமல் போனதற்கு அந்தத் தேர்வு முறையும் ஒரு காரணம். 1966 முதல் அங்கே பெட்டிகளில் எச்சரிக்கை அச்சாயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குழு புதிய பரிசோதனை எதையும் செய்யவில்லை. பிறர் செய்த ஆராய்ச்சிகளைத் தராசில் வைத்து நிறுத்தது. ஆலோசனைக் குழுவின் வேலை அதுதான். தராசில் வைக்க ஆராய்ச்சி வேண்டும். தராசைப் பிடிக்கும் கைக்குச் சரக்கில் பங்கு இருக்கக்கூடாது.

இந்தியாவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுக்கு மட்டும் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. நம் கிராமங்களில் அதிகம் புகையும் பீடியை அது தொடவில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பீடியையும் மெல்லும் புகையிலையையும் சேர்த்தது. 2009 மே 31 முதல் படம் வந்தது. அதுவும் முன்பக்கத்தில் மட்டும், 40 சதவீதம். அதை இரு பக்கமும் 85 சதவீதமாக்க 2014-இல் மத்திய அரசு அறிவித்தபோது தகராறு மூண்டது. விதிகளைப் பரிசீலிக்கும் நாடாளுமன்றக் குழு ஒன்று, அதை நிறுத்திவைக்கும்படி 2015 மார்ச்சில் கேட்டுக்கொண்டது. புகையிலையால் புற்றுநோய் வருவதாகக் காட்டும் இந்திய ஆராய்ச்சி எதுவும் இல்லை என்று அக்குழுவின் தலைவரே கூறினார். உறுப்பினர்களில் ஒருவர் பீடித் தொழில் நடத்துபவர். அமெரிக்கக் குழுவின் தேர்வு முறையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்திய ஆராய்ச்சி உண்மையிலேயே இல்லையா? வில்லியனூரிலிருந்து மேற்கே விழுப்புரம் சாலையில் போங்கள். அரியூரைத் தாண்டினால் கண்டமங்கலம், அதாவது விழுப்புரம் மாவட்டம். அந்த மாவட்டத்துக் கிராமங்களிலும் சென்னையிலும், இறந்துபோன ஆண்களின் வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் போய், ‘கடைசியில் என்ன உபாதை இருந்தது? புகைப்பவரா?’ என்று விசாரித்தார்கள். சென்னை டாக்டர் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ரிச்சர்டு பீட்டோ முதலியோர் செய்த அந்த ஆய்வு 2003-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது. இறந்தவர்கள் மொத்தம் 43,000 பேர். ஒப்பிடுவதற்காக உயிரோடிருந்த 35,000 பேர். கிராமப் பகுதியில் மட்டும் முறையே 16,000-மும் 15,000-மும். உயிரோடிருப்பவர்களை எதற்கு விசாரிக்கவேண்டும்? இறந்தவர்களில் பலர் புகைத்தார்கள் என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. ஊரிலேயே பாதிப்பேர் புகைத்தால் இறந்தவர்களிலும் பாதிப்பேர் புகைத்திருப்பார்கள் அல்லவா? அதைவிடக் கூடுதலா என்பதே கேள்வி.

கூடுதல்தான். ஆனால் பட்டியலில் முன்னால் நின்றது புற்றுநோயன்று, காசநோய்! புகைக்காதவர்களைப்போல் 4.2 மடங்கு வேகத்தில் கிராமத்துப் புகைப்பாளர்கள் காசநோயால் இறந்திருந்தார்கள். கணக்குப் போடுங்கள். புகைக்காதவர்களில் 10 பேர் இறக்குமிடத்தில், அதே வயதும் அதே தொகையுமான புகைப்பாளர்களில் 42 பேர் இறக்கிறார்கள். 10 மரணம் எப்படியும் நேர்ந்திருக்கும், மீதி 32. இதை 42-ஆல் வகுத்தால், நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேலே. காசநோயைத் தருவது கிருமிதான், புகையன்று. ஆனால் பலருடைய உடலில் அக்கிருமி நோய் செய்யாமல் அடங்கிக் கிடக்கிறது. நுரையீரலின் காவல் செல்களைப் புகை நலிவுறச் செய்யும்போது அது தலைதூக்குகிறது. இதை அமெரிக்க ஆராய்ச்சியை மட்டும் வைத்து அறிந்திருக்க முடியாது. அங்கே காசநோய் அருகிவிட்டது. நம் ஊர் பற்றிய முடிவுக்கு நம் ஊர் விவரம் வேண்டும் என்பது உண்மையே. அந்த விவரம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருந்தது என்பதுதான் வருத்தம்.

ஓராண்டுத் தாமதத்துக்குப்பின், 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீதம் நடைமுறைக்கு வந்தது.

குழுக்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்வதும் உண்டு. பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு 1984-இல் கூடி, புகையிலை சேர்த்த வெற்றிலைபாக்கு புற்றுநோய் தரும் என்றது. புகையிலை சேர்க்காததைப்பற்றிச் சொல்லச் சான்று போதாது என்றும் எழுதியது. தைவான் நாட்டில் புகையிலை இல்லாமலே பாக்கு மெல்லுகிறார்கள். அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் விவரங்கள் வந்தபின், 2003-இல் கூடிய குழு பாக்கும் புற்றுநோய் தருவதே என்று தீர்மானித்தது. ‘புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்’ என்று சொல்லும் பாட்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 1984-இல் அந்தக் குழுவால் அவருக்கு மறுமொழி சொல்ல முடிந்திராது.

சான்று ஒன்றாயிருந்தும் ஆலோசனை வேறுபடலாம். மின்சிகரெட்டை, ஏற்கெனவே புகைப்பவர்களுக்கு மாற்றாகப் பரிந்துரைக்கலாம் என்று 2016-இல் லண்டன் மருத்துவர் கல்லூரி கூறியது. புகைத்தே அறியாத இளைஞர்கள் அதில் விழுவார்கள் என்று அஞ்சிய நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமோ, முழுத் தடையை 2019 மே மாதம் சிபாரிசு செய்தது. அவ்வாண்டே தடைச் சட்டமும் வந்தது. இரண்டு நாடுகளும் மனத்தில் வைத்த ஆட்கள் வேறு.

இப்போது ஒரு செய்முறை. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. பத்து மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு நண்பர்களுடன் உங்கள் பள்ளியிலிருந்து அளந்து பாருங்கள். கடைக்காரரிடம் வம்புக்குப் போகவேண்டாம்; குறித்துக்கொண்டால் போதும். எத்தனை கடைகள்? அரைமணி நேரத்தில் முழுப் பெட்டி வாங்கியவர் எத்தனை பேர், ஒற்றை பீடியோ சிகரெட்டோ வாங்கியவர் எத்தனை பேர்? ஒற்றையாக வாங்குகிறவர் கண்ணில் அந்த 85 சதவீதப் படம் எத்தனை நொடி படுகிறது என்பதற்கும் அட்டவணையில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.