குறுக்குத்துறை: ஆற்றுநடுக் கோயிலுக்கு ஒரு நாள்

திருநெல்வேலியில் தாமிரபரணியின் நடுவே தீவுபோல் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குச் செல்வோர், நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைவிடப் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்திறப்புச் செய்தியைப் பார்ப்பதே நலம். ஏனெனில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகினால் கோயிலே மூழ்கிவிடும், 2023 டிசம்பரிலும் அவ்வாறே மூழ்கியது. அத்தகைய நாள்களில் உற்சவர், அதாவது வீதியுலாவுக்குரிய திருமேனி, கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்லப்படுவதால் வழிபாட்டுக்கு அங்கேயே செல்லலாம். நீர் வரும் திசையில் படகின் முனையெனக் கூராக அமைந்து வெள்ளத்தைப் பிளக்கும் கட்டுமானத்தைச் சற்று நின்று காண வேண்டும். பலரும் அதைக் கவனிப்பதில்லை. நண்பகலில் நடை சாத்தப்படுமாதலால், காலையிலேயே மாற்றுடையுடன் சென்று, பாசி வழுக்கும் படிகளில் கவனமாக இறங்கி நீராடி, மாலையை நெல்லையப்பர் கோயிலுக்கு ஒதுக்கலாம். அதன் எதிரிலுள்ள இருட்டுக்கடையில் அல்வா விற்பனையும் மாலையில்தான் தொடங்கும்.