யானை தும்மட்டும், காத்திரு

அன்புள்ள மருமகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு ரெண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அது அப்படித் தள்ளிவிடுகிற கேள்வி இல்லை. “படப் புத்தகத்தை எடுத்தா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருது அத்தே, மிச்ச நேரத்துக்கு என்ன செய்ய?” என்றாய். பால்வாடியில் சேர்ந்த புதிதில் பதிவேடு, எடைக் கணக்கு, போஷான் டிராக்கர் பதிவு என்று தலைக்கு மேல் வேலை கிடக்க, நீ புத்தகத்தைப் பற்றிக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோசம். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ரெண்டு நிமிசத்தில் முடிகிறது என்றால் நீ எழுத்தை மட்டும் வாசிக்கிறாய். பக்கத்துக்கு ஒரு வரிதானே இருக்கும்? பிள்ளைகளுக்கு அந்த வரி கண்ணில் படவே படாது. அவர்கள் பார்ப்பது படத்தை. ஒரு படத்தில் அவர்களுக்கு அரை நாள் சோலி இருக்கிறது. நீ பக்கத்தைப் புரட்டிவிடுவதால் அந்தச் சோலி பாதியில் நின்றுபோகிறது.

ஒரு புத்தகத்தை வைத்தே சொல்கிறேன். ‘கஜபதி குலபதி’ தெரியுமல்லவா? சென்னை துலிகா பதிப்பகம் போட்டது. கதையும் படமும் அசோக் ராஜகோபாலன். ஊரே பிரியமாக வைத்திருக்கிற பெரிய யானைக்குச் சளி பிடிக்கிறது, தும்மல் வருகிறது. கதை அவ்வளவுதான். இதை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம்.

முதலில் உட்காருகிற இடம். நாற்காலி வேண்டாம், பிள்ளைகளோடு பாயில் உட்கார். புத்தகத்தின் முகம் அவர்கள் பக்கம் இருக்கட்டும். நீ பக்கவாட்டில் எட்டிப் பார்த்து வாசிக்கப் பழகிக்கொள், நாலு நாளில் வந்துவிடும். வழவழப்பான தாள், நம்ம ஊர் வெயில் பட்டால் கண் கூசும். அதனால் வாசல் வெளிச்சம் நேராகப் புத்தகத்தில் விழாத மூலையாகப் பார்த்துக்கொள். பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்குப் படம் தெரியவில்லை என்றால் அது பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளத்தான் செய்யும். அதைச் சேட்டை என்று நினைத்துவிடாதே.

அட்டையைக் காட்டு. பெயரை வாசிக்காதே. “இது என்ன?” என்றும் கேட்காதே. அதற்கு “யானை” என்று ஒரு பதில்தான் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். “இந்த யானைக்கு இன்னைக்கு என்ன ஆகப்போகுது?” என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். நம்மால் முடியாத காரியம் இதுதான். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கேள்வி காதில் விழுந்து, மனதில் ஊறி, வார்த்தையாகத் திரும்பி வர நேரம் பிடிக்கும். நாம் அதற்குள் பொறுமை இழந்து பதிலையும் சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் பத்து வரை எண்ணு. யாராவது ஒரு பிள்ளை “யானைக்கு வயித்துவலி” என்று சொல்லும். தப்பு என்று சொல்லாதே. “வயித்துவலியா? எதைப் பார்த்துக் கண்டுபிடிச்சே?” என்று கேள். அந்தப் பிள்ளை எழுந்து வந்து, யானையின் முகத்தில் விரலை வைத்துக் காட்டும். அந்த விரல்தான் வாசிப்பு.

இது அத்தையின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதே. 1988-இல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்கிற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளின் வீடுகளில் ஒரு மாதம் இதைச் செய்து பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் படப் புத்தகம் வாசித்தார்கள். பாதிப் பெற்றோருக்கு மட்டும், விரித்துப் பதில் சொல்லத் தூண்டுகிற கேள்வி கேட்கவும், பிள்ளை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லவும் கற்றுக் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் அந்தப் பாதிப் பிள்ளைகள் பேச்சில் மற்றவர்களை விட மாதக்கணக்கில் முந்தி இருந்தார்கள். வாசித்த தடவைகளில் வித்தியாசம் இல்லை, வாசித்த விதத்தில்தான் வித்தியாசம்.

நீட்டிச் சொல்வது என்றால் இப்படி. பிள்ளை “ஆனை தும்முது” என்கிறது. நீ “ஆமா, சளி பிடிச்ச ஆனை பெருசா தும்முது” என்கிறாய். அடுத்த தடவை அந்தப் பக்கம் வரும்போது, சளியும் பெருசும் பிள்ளையின் வாயிலிருந்தே வரும். திருத்தியதாகவும் ஆகாது, பாடம் நடத்தியதாகவும் ஆகாது.

தும்மல் பக்கத்துக்கு முன்னால் நிறுத்து. நீ மூச்சை இழு. எல்லாரும் இழுக்கட்டும். தோள் உயரட்டும், கண் சுருங்கட்டும். இழுத்த மூச்சோடு ஒரு நொடி எல்லாரும் உன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது புரட்டு. ஒரே தும்மல்! படத்தில் யானையைச் சுற்றி நிற்பவர்கள் விழுவார்கள், பாயில் உன் பிள்ளைகளும் விழுவார்கள். ஆயாம்மாவையும் கூப்பிட்டு விழச் சொல். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் வாசிக்க முடியாது, “இன்னொருக்கா, இன்னொருக்கா” என்பார்கள். இன்னொருக்கா செய்.

மறுநாள் வைத்தியம். “உங்க வீட்ல சளி பிடிச்சா பாட்டி என்ன குடுப்பாங்க?” சுக்குத் தண்ணி, கற்பூரவள்ளி இலை, ஆவி பிடிக்கிறது, நெஞ்சில் தைலம் என்று ஒவ்வொரு வீடாக வரும். “அப்போ ஆனைக்கு எவ்வளவு சுக்குத் தண்ணி வேணும்?” என்று கேட்டுப் பார். ஒருத்தன் டம்ளர் என்பான், இன்னொருத்தி குடம் என்பாள், கடைசியில் தண்ணித் தொட்டியில் போய் நிற்கும். சிறுசு பெருசு என்கிற கணக்கு அங்கேயே நடந்துவிட்டது. உனக்குக் கொடுத்திருக்கிற செயல்பாட்டு அட்டவணையில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கும், அதையும் நிரப்பிக்கொள்.

பிள்ளைகளின் பேச்சை மட்டும் புத்தகத் தமிழாக மாற்றப் பார்க்காதே, தாயி. இதில் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டில் பேசுகிற பேச்சோடு வருகிற பிள்ளையை முதல் நாளே “அப்படிச் சொல்லக் கூடாது” என்று நிறுத்தினால், அடுத்த நாள் அது வாயே திறக்காது. கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன், இந்தக் கரிசல் பேச்சுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அந்தப் பேச்சிலேயே கதை எழுதி 1991-இல் சாகித்திய அகாதமி விருதும் வாங்கினார். அப்படிப்பட்ட பேச்சைப் பால்வாடி வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வா என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? புத்தகத்தில் உள்ள வரியை நீ அப்படியே வாசி. பிள்ளை தன் பேச்சில் சொல்லட்டும். ரெண்டும் அதன் காதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் போதும், பின்னால் ரெண்டாம் வகுப்பில் தானாகக் கைகொடுக்கும்.

மழைக்காலத்தில் இந்தப் புத்தகத்தை மறுபடி எடு. ஐப்பசியில் கரிசல் நனைந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நாலு எட்டு வைத்தால் பாதத்தில் மண் அப்பி, ஒரு கால் ஒரு படி கனக்கும். அந்த மண்ணில் பிள்ளைகளை யானை நடை நடக்க விடு. தூக்க முடியாமல் தூக்கி வைக்கிற அந்தக் காலோடு நடந்த பிள்ளை, உள்ளே வந்து அதே படத்தைப் பார்க்கும்போது வேறு விதமாகப் பார்க்கும். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போய் யானையைப் பார்த்த பிள்ளை இருந்தால் அன்றைக்கு அதுதான் டீச்சர். அம்மாமார் கோபப்படாமல் இருக்க, கால் கழுவுகிற வாளியை மட்டும் முன்கூட்டியே நிறைத்து வை.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று அலுத்துக்கொள்ளாதே. அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிந்திருப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை வந்த பிறகுதான் வாசிக்கிற ஆசையே வரும். வாரக் கடைசியில் யாராவது ஒரு பிள்ளை தானாகப் புத்தகத்தை எடுத்து, தலைகீழாகக்கூடப் பிடித்துக்கொண்டு, கடகடவென்று ‘வாசிக்கும்’. எழுத்துக்கும் அது சொல்வதற்கும் சம்பந்தம் இருக்காது. புத்தகத்தை நேராகத் திருப்பிக் கொடுக்கக்கூட அவசரப்படாதே. பிள்ளை வாசித்து முடிக்கட்டும்.

சத்தமில்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இரு. அதே இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையைப் படித்திருக்கிறாயா? அந்தப் பெயரில் வந்த தொகுப்புக்குத்தான் 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. புத்தகம் கொண்டு வருகிற மாமாவைச் சுற்றிப் பிள்ளைகள் அடிக்கிற கும்மாளத்தில், சாரங்கன் என்கிற ஒரு பையன் மட்டும் கவனத்துக்கு வராமலே இருக்கிறான். கடைசியில் தனக்கான அன்பளிப்பைத் தானே கொண்டு வந்து நீட்டுகிறான். பால்வாடியில் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் வருசத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கதையைப் படிக்க வேண்டும். உன் பாயிலும் ஒரு சாரங்கன் இருப்பான். அவனைக் கேள்வி கேட்டு எழுப்பாதே. புத்தகத்தைப் பிடித்துக்கொள்கிற வேலையை, பக்கம் புரட்டுகிற வேலையை அவனிடம் கொடு. பேச்சு பிறகு வரும்.

இனி, உனக்கு வரப்போகிற நெருக்கடி. “பக்கத்து ஊருக்கு வேன் வந்து பிள்ளைகளை இங்கிலீஷ் ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போகுது, நீங்க படம் காட்டிட்டு இருக்கீங்க, ஏ பி சி டி எப்ப எழுத வைப்பீங்க?” என்று கேட்பார்கள். அவர்கள் மேல் வருத்தப்படாதே. இந்த மண்ணில் பள்ளிக்கூடம் கைநழுவிப் போய்விடுமோ என்கிற பயம் ஆழமானது. எண்பதுகளில் நம் கிராமங்களில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். குச்சி அடுக்கின கை, பெட்டிக்கு லேபிள் ஒட்டின கை எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய கைகள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது, அந்தப் பிள்ளைகளில் பலர் பெரியவர்களாகி, ராத்திரியில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து தங்கள் பேரை எழுதப் படித்தார்கள். அந்தக் காலத்தை ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ புத்தகத்தில் எழுதியிருக்கிறார், தேடிப் படி. அன்று பஸ் ஏறின பெண்கள்தான் இன்றைக்கு உன் பிள்ளைகளின் பாட்டிமார். பேரன் சீக்கிரம் எழுதிவிட வேண்டும் என்று அவர்கள் பதறுவது நியாயம்.

அவர்களுக்கு நீ சொல்லிப் புரியவைப்பதை விட, அவர்களையே உள்ளே அழைத்து வா. காலித் தீப்பெட்டிகளைச் சேர்க்கச் சொல். உரசுகிற பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டுப் படமுள்ள பக்கத்தை மட்டும் வெட்டி எடு. எத்தனை விதமான படம்! பறவை, விலங்கு, பூ, சாவி, விளக்கு. நாலு படத்தைப் பாயில் பரப்பி, “இந்த நாலையும் சேர்த்து ஒரு கதை சொல்லுங்க பாட்டி” என்று கேள். சின்ன வயதில் கணக்கில்லாமல் ஒட்டின லேபிளை முதல் தடவையாகப் படமாகப் பார்ப்பார் அந்த அம்மா. அவர் சொல்கிற கதைக்கு ஏற்றபடி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படத்தை ஒட்டி, கீழே ஒரு வரி எழுதி, நூலால் தைத்துவிடு. சிவகாசி பக்கத்தில் இருக்கையில் காலண்டர் தாளுக்கா நமக்குப் பஞ்சம்? அட்டையில் பாட்டியின் பெயரைப் போடு. பேரன் அந்தப் புத்தகத்தைக் கையை விட்டு இறக்கமாட்டான். ஏ பி சி டி பற்றி அந்த வீட்டிலிருந்து கொஞ்ச நாளைக்குக் கேள்வி வராது.

எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அதற்கான தேவை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று வயது விரலுக்கு இன்னும் பென்சில் பிடிக்கிற பக்குவம் வரவில்லை. வாய்க்கும் கண்ணுக்கும் பக்குவம் வந்துவிட்டது. அதற்குத் தீனி போடு. வாசிக்கும்போது வரிக்கு அடியில் விரலை ஓட்டு, அது போதும். இந்தக் கறுப்புக் கோடுகளில்தான் கதை ஒளிந்திருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. சோற்றுக்கு முன்னால் வாசி. 1956-இல் நம்ம எட்டயபுரத்தில்தான் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்த பிள்ளைக்கு உறக்கம்தான் ஏறும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அடுப்பில் சோறு வேகிற நேரம்தான் கதைக்கு நல்ல நேரம். மணம் வரத் தொடங்கிவிட்டால் யானையாவது தும்மலாவது.

புத்தகம் போதாது என்பாய். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கேள். 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்துக்காக அரசு போட்ட சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி; உனக்கு ‘நுழை’ போதும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, எழுத்தே இல்லாத கதைகளும் உண்டு. அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம், அதற்கு அனுமதி கொடுத்தே வைத்திருக்கிறார்கள். போனில் காட்டாதே, தாளில் காட்டு. போனைப் பார்த்தால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுப் போனைக் கேட்பார்கள்.

கடைசியாக, பீரோ. புத்தகத்தை அதில் வைத்துப் பூட்டாதே. ஆய்வுக்கு வருகிறவர்கள் கிழிந்த புத்தகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்வார்களோ என்று பயந்து, புதுக்கருக்கு மாறாமல் வைத்திருக்கிற மையங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சுவரில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கயிறு கட்டு, புத்தகத்தை நடுவில் விரித்து அதில் தொங்கப் போடு. கிழியும். கிழிந்த பக்கத்தை ஒட்டுகிற வேலையையும் பிள்ளைகளோடு சேர்ந்து செய், மைதாப் பசை காய்ச்சிக்கொள். யாராவது கேட்டால் பதிவேட்டில் ‘வாசித்துக் கிழிந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடு.

பழைய புத்தகங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. சனிக்கிழமை உன் அப்பா வரும்போது கொடுத்துவிடுகிறேன். எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நகரமாட்டேன் என்று நின்றார்கள் என்பதை மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை