சோடாவுக்கு அடுத்தது சோறு

கல்முனை

அன்பின் மருமகனுக்கு,



ஒலுவில் விடுதியில் நீயும் கூட்டாளிமாரும் காஸாவுக்காக வெளிநாட்டுக் கம்பனிச் சோடாக்களைக் குடிப்பதை விட்டுவிட்டதாகவும், மாமாவின் கடையில் அவை இன்னும் இருப்பது வெட்கமாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். எனக்குக் கோபமில்லை. இப்போது அவை கடையில் இல்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் மாமி சொல்லி நிறுத்திவிட்டா. ஆனால் சோடாப் பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கும் அரிசி மூடைகளைப் பற்றி நீ ஒரு வரிகூடக் கேட்கவில்லையே, மகன். சோடா குடிக்காமல் எவரும் இருந்துவிடலாம். வியாபாரிகளின் காசு அரசியலை ஆட்டுகிறது என்றும் எழுதியிருந்தாய். அப்படிக் கவலைப்படுகிறவன், விட முடியாத சாமானிலிருந்து அல்லவா தொடங்க வேண்டும்?

சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் விளைகிற நெல்லில் கணிசமானது லொறியேறிப் பொலன்னறுவை மில்களுக்குப் போகிறது. பெயர் அச்சடித்த பையில் அரிசியாகத் திரும்பி வந்து நம் சந்தையில் இறங்குகிறது. இதற்குக் காரணம் விவசாயியின் மடத்தனம் இல்லை. வெட்டிய நெல் ஈரமாக இருக்கும். காயவைக்கத் தளமும் அடுக்கி வைக்கக் களஞ்சியமும் எல்லோரிடமும் இல்லை. உரக்கடைக் கடனும் வெட்டு மெஷின் கூலியும் வாசலில் நிற்கும். 2025இல் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசு உத்தரவாத விலையை அறிவித்தது பெப்ரவரி முதல் வாரத்தில். நம் பக்கத்தில் அதற்கு முன்பே மெஷின் வயலுக்குள் இறங்கியாயிற்று. அந்த நேரத்தில் கையில் காசோடு வருபவன் சொல்வதுதான் விலை. காசும் களஞ்சியமும் சேர்ந்து இருப்பவன் பெரிய மில்காரன்.

2021 செப்டெம்பரில் நடந்ததை நீ பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பார்த்திருப்பாய். அரசாங்கம் அவசரகால ஒழுங்குவிதி போட்டு, வர்த்தமானியில் அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை வைத்தது: கிலோ நாட்டரிசி 98 ரூபா, சம்பா 103, கீரிச் சம்பா 125. மாதம் முடிவதற்குள் அந்த வர்த்தமானி வாபஸ். உடனே பெரிய மில்காரர்கள் தாங்களே விலை அறிவித்தார்கள்: 115, 140, 165. ஒரு நாட்டின் சோற்று விலையை அமைச்சரோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையோ சொல்லவில்லை. மில்காரர்கள் சொன்னார்கள், நாடு கேட்டுக்கொண்டது.

வியாபாரி என்ற முறையில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 650 கிராம் அரிசிதான் தேறும். அப்போது நாட்டு நெல்லை 62 ரூபா 50 சதத்துக்கு வாங்கினால் அரிசியின் அடக்கமே 96 ரூபாவைத் தொடும். அதை 98க்கு விற்கச் சொன்னது நடக்கிற காரியமா? 115 என்ற எண்ணோடு எனக்குச் சண்டையில்லை. அதை அறிவித்த வாய் யாருடையது என்பதில்தான் சண்டை. நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த அரிசிப் பெயரான ‘அரலிய’வின் உரிமையாளர் டட்லி சிறிசேன, 2015 முதல் 2019 வரை ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவின் சகோதரர். அதில் களவு நடந்தது என்று நான் சொல்லவில்லை. மில்லும் மாளிகையும் ஒரே குடும்பத்துக்குள் இருக்க முடிகிற நாடு இது என்று மட்டும் சொல்கிறேன்.

சீனியையும் பார். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த வரியை 25 சதமாக்கினார்கள். அரசுக்கு ஏறக்குறைய 1,600 கோடி ரூபா நட்டம் என்று கணக்காய்வில் வந்தது. அந்த மிச்சம் எங்கே தங்கியதென்று தெரியாது. என் தராசுக்கு வந்து சேரவில்லை. நம் மாவட்டத்திலேயே ஹிங்குராணையில் கரும்பு போடுகிறவனை யார் நினைத்தார்கள்?

காசு மேலே போகும் வழி எப்போதாவதுதான் வெளிச்சத்துக்கு வரும். மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் அடிபட்ட அர்ஜுன் அலோசியஸுடன் தொடர்புள்ள நிறுவனமொன்றிடமிருந்து 2015 தேர்தல் செலவுக்குப் பத்து இலட்சம் ரூபா வாங்கியதை தயாசிறி ஜயசேகர 2018இல் தானே ஒப்புக்கொண்டார். அப்போது தேர்தல் செலவுக்கு ஒரு சட்டமே இல்லை. 2023இன் 3ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் உச்சவரம்பு வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. பெயர் தெரியாதவரிடமும் வெளிநாட்டு நிறுவனத்திடமும் வாங்கக் கூடாது. உள்ளூர்க் கம்பனி கொடுக்கலாம். ஆனால் யார் கொடுத்தார் என்று வேட்பாளர் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இனி நீ மகிழ்ச்சியோடு எழுதியிருந்த பகிஷ்கரிப்புக்கு வருகிறேன். வாங்காமல் விடுவதன் மறுபக்கத்தை நம்மைப் போல் அனுபவித்தவர் இந்த நாட்டில் குறைவு. 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலில் அதை வழங்கிய ஜம்இய்யத்துல் உலமா வாபஸ் வாங்க நேர்ந்தது. முஸ்லிம் கடையில் உடுப்பு வாங்காதே என்றார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்துச் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கருத்தடை மருந்து என்று கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். அவர்கள் கடைக்காரன் யார் என்று பார்த்து விலகினார்கள். நீ அவன் என்ன செய்தான் என்று பார்த்து விலகு. எதை நிறுத்தினால் திரும்பி வருவாய் என்பதையும் அவனிடம் சொல்லு. அந்தச் சொல் இல்லாத பகிஷ்கரிப்பு வெறும் பகைதான். சிங்களப் பெயரில் இருப்பதால் ஒரு மூடையைத் தள்ளினாய் என்று கேள்விப்பட்டால் மாமா அந்த மூடையை உனக்கே தூக்கி அனுப்புவேன்.

சம்மாந்துறைச் சின்ன மில் அரிசியை நான் வைத்துப் பார்த்ததுண்டு. நிறம் ஒரே சீராக இராது, எப்போதாவது ஒரு கல் கடிபடும். அதைவிடப் பெரிய இடைஞ்சல், பெரிய கம்பனி எஜண்ட் கடனுக்கு இறக்கிவிட்டுப் போவான். சின்ன மில்காரன் கைக்காசு கேட்பான். அதனால் நாலு பேர் வந்து “நல்ல அரிசி இருக்கா?” என்று கேட்டுப் போவதால் என் போன்ற கடைக்காரன் மாற மாட்டான். மாதா மாதம் இத்தனை மூடை எடுப்போம் என்று முன்பணம் கட்டுகிற கூட்டம் ஒன்று வந்தால் மாறுவான். உங்கள் விடுதிச் சமையலறைக்கு மாதம் எவ்வளவு அரிசி போகிறதென்று கணக்கெடுத்தாயா? கன்டீன் குத்தகைக்காரரிடம் எங்கிருந்து வாங்குகிறார் என்று கேட்டாயா? சோடாவை விட்ட அத்தனை பேரும் அங்கேதானே சாப்பிடுகிறீர்கள்.

அதோடும் நின்றுவிடாதே. 1791இல் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்தில் தோற்றபோது, ஏராளமான குடும்பங்கள் மேற்கிந்தியச் சீனியைத் தேநீரில் போடுவதை விட்டன. சீனியை விட்டதோடு நிற்காமல் அடுத்த வருடமே ஊர் ஊராக மனு எழுதிக் குவித்தார்கள். சட்டம் வந்தது 1807இல். மனு எழுதாமல் சீனியை மட்டும் விட்டிருந்தால் அதற்கு அவ்வளவு பலம் இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

நமக்கும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. நம் கல்முனை மாநகர சபைக்கு வழக்கு காரணமாக 2025 மே 6இல் வாக்களிப்பு நடக்கவில்லை. நடக்கும்போது கட்டவுட்டும் பாட்டு வண்டியும் வரும். நம்மவர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கதை தேநீர்க் கடைகளில் ஓடும். அந்தக் கதையை நம்பாதே. வேட்பாளர்கள் கொடுக்கிற செலவு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிடலாம். கட்டணத்தைக் கட்டி, உங்கள் பகுதியில் நின்ற அத்தனை பேருடையதையும் எடு. நாம் வாக்குப் போட்டவருடையதை முதலில் எடு. கட்டணத்தையும் அம்பாறைக்கு பஸ் காசையும் மாமா தருகிறேன்.

சம்மாந்துறை மில்காரரின் தொலைபேசி இலக்கத்தை உம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். முதல் மாதம் ஐந்து மூடைக்கு மேல் கேட்காதே. அவரிடம் அதற்கு மேல் இருக்காது.

உன் மாமா